என் கையெழுத்தில் அவள் வலி

போன வருடம் ஆவணி மாதம். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். ஆடிட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், ஒருவர் முன்னாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது கிடையாது. அன்றைக்கு, என் மகளைவிட வயதில் சின்ன ஒரு பெண்ணிடம், நான் செய்த காரியத்தை என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி அங்கன்வாடிப் பணியாளராக இருந்தவள். பனவடலிசத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருபத்தெட்டு வருட சர்வீஸ். ஐந்து வருடங்களுக்கு முன்பு மார்பகப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்தோம். முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். போன வருடம் அது முதுகெலும்பிலும் இடுப்பிலும் திரும்பி வந்துவிட்டது. மதுரையில் டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் இருவரிடமும் சொன்னார். முழுதாகக் குணப்படுத்த முடியாது, ஆனால் வலியையும் அசதியையும் கட்டுக்குள் வைத்து நல்லபடியாக வாழவைக்க முடியும். என் மனைவி ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டாள். நான்தான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மருந்தோடு இன்னொன்றும் செய்யலாம் என்றார் டாக்டர். வாரம் ஒரு தடவை அவர்கள் ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர் வீடியோ காலில் பேசுவார், வலியோடும் அசதியோடும் நாளை எப்படி நடத்துவது என்று பழக்கிக்கொடுப்பார், அதற்காக மதுரைக்கு வர வேண்டாம் என்றார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான் வந்தது. போனில் பேசினால் எலும்பு வலி போய்விடுமா? என் மனைவிதான் சொன்னாள். "உக்காந்த இடத்துல பேசுததுல நமக்கு என்ன நட்டம். பேசித்தான் பாப்பமே."

ஆனி மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை முதல் வீடியோ கால் வந்தது. ஆலோசகர் சின்னப் பெண். நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அம்மா, இப்ப உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசையா இருக்கு?" என்று கேட்டார். நான் உடனே, "குணமாகணும், வேற என்ன?" என்றேன். என் மனைவி நான் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதிலேயே தாயை இழந்த தங்கை, இவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், புளியங்குடியில் இப்போது சொந்த வீடு கட்டுகிறாள், ஐப்பசியில் புதுமனைப் பால்காய்ப்பு. "அன்னைக்கு நான் அங்கன இருக்கணும் மக்கா. பால் பொங்குததப் பாக்கணும். படுத்துக்கிட்டு இல்ல, உக்காந்து."

அப்போது அவளால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. புளியங்குடிக்குக் காரில் போகவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைத்தேன். ஆலோசகர் அப்படி நினைக்கவில்லை. அதையே குறியாக வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன முறை எளிமையானது. ஒரு நோட்டுப் போட வேண்டும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தினம் மூன்று வேளை, வலி எவ்வளவு, அசதி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் எழுத வேண்டும். அதற்கு முன்னால் என்ன வேலை செய்தாள் என்பதையும் குறிக்க வேண்டும். அசந்த பிறகு படுப்பது கூடாது, அசருவதற்கு முன்னாலேயே படுத்துவிட வேண்டும். மூச்சை மெதுவாக விட்டு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி தினம் இரண்டு தடவை. எண்களைப் பார்த்து, உட்காரும் நேரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். அந்த எண்கள் டாக்டருக்கும் போகும், அவர் மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்வார்.

நோட்டு என்றால் என் கை தானாக நீளும். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, சிவப்பு மையில் மார்ஜின் இழுத்து, முதல் பக்கத்தில் தலைப்பும் எழுதினேன். முதல் வாரம் ஒழுங்காகக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். அவள் ஏழு என்பாள், எட்டு என்பாள். எட்டு என்று எழுத எனக்குக் கை வராது. "எட்டா? காலையில நல்லாத்தான இருந்த?" என்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். "சரி, ஆறுன்னு போடுங்க" என்பாள். காய்கறிக் கடையில் பேரம் பேசுவது போல அவள் வலியைப் பேசிப் பேசிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டேன். கட்டின பெண்டாட்டி முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா என்ன? அதற்கும் அடுத்த வாரம் முகம் பார்ப்பதும் நின்றுபோனது. புதன்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் ஏழு நாளையும் ஒரே மூச்சில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். அதில் ஒரு கலையும் உண்டு. மாதாந்திர அறிக்கை எழுதிப் பழகியவர்களுக்கு அது தெரியும். போன தடவையைவிட இந்தத் தடவை முன்னேற்றம் தெரிய வேண்டும். ரொம்பவும் தெரிந்தால் மேலே இருப்பவர் கேள்வி கேட்பார். ஆகவே ஏழு, ஆறு, ஆறு, ஐந்து என்று பதமாக இறக்கிக்கொண்டு வருவேன். நடுவில் ஒரு நாளைக்கு வேண்டுமென்றே ஒன்று கூட்டிப் போடுவேன். நம்பும்படி இருக்க வேண்டாமா?

"நோட்டு ரொம்ப நல்லா மெயின்டெயின் பண்றீங்க சார்" என்று ஆலோசகர் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழக்கதோஷம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். எண் குறைந்தால் நோயும் குறைகிறது என்று என் மனம் நம்ப ஆசைப்பட்டது. நாலு என்று எழுதிய அன்றைக்கு எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. எட்டு என்று எழுதினால் நான் அவளைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று என் கையாலேயே எழுதிக்கொடுத்தது போல இருந்தது. உண்மை இதுதான்.

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் பேசுவது நோயாளி இல்லை, கூட வந்தவர். அந்த வழக்கப்படி வீடியோ காலிலும் நானே பேசினேன். தூக்கம் எப்படி என்று கேட்டால் நான் சொல்வேன். வயிறு சரியாக இருக்கிறதா என்றாலும் நான்தான். ஒரு தடவை ஆலோசகர், "அம்மா, உங்க மனசுக்கு நிம்மதியான ஒரு இடத்தை நினைச்சுக்கோங்க, அது எந்த இடம்?" என்று கேட்டார். என் மனைவி வாயைத் திறப்பதற்குள், "குற்றாலம்னு போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவளும் அப்படியே கண்ணை மூடிக் குற்றாலத்தை நினைத்துக்கொண்டு பயிற்சி செய்தாள்.

நான் அனுப்பிய எண்களை நம்பி ஆலோசகர் உட்காரும் நேரத்தைக் கூட்டினார். பதினைந்து நிமிடம் இருபதாகி, இருபத்தைந்தாகி, நாற்பதுக்குப் போனது. டாக்டரும், வலிதான் இறங்குகிறதே, மருந்து இப்போதைக்கு இந்த அளவே போதும் என்று விட்டுவிட்டார். இரண்டு பேரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

ஆவணி கடைசியில் ஒரு காலை வேளை. பால்காய்ப்புக்கு ஒத்திகை பார்ப்போம் என்று நான்தான் ஆரம்பித்தேன். விசேஷத்துக்குப் போகிற சேலையைக் கட்டி, முன்னறையில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். ஒரு மணி நேரம் என்று நானே கணக்கு வைத்தேன். நாற்பது நிமிடத்தில் அவள் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் இருபது நிமிசந்தான்" என்றேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. என் தோளைப் பிடித்தாள், சட்டையையும் தாண்டி நகம் பதிந்தது. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு பிள்ளைகளைப் பெற்றபோதுகூட நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

தூக்கிக் கட்டிலில் கிடத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அவர்கள் சொன்ன மாத்திரையைக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மூன்று மணி இருக்கும், கண்ணைத் திறந்து, "அந்த நோட்ட எடுங்க" என்றாள்.

கொடுத்தேன். படுத்தபடியே ஒவ்வொரு பக்கமாக விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"எப்ப எழுதுனிய இத?"

"அன்னன்னைக்குத்தான்."

"பொய் சொல்லாதிய. ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே அழுத்தம். ஒரு இடத்துல அடித்தல் கெடையாது, ஒரு நாளுகூட அவசரத்துல எழுதுன மாதிரி இல்ல. நானும் எத்தனையோ ரிஜிஸ்டர் பாத்தவதான்."

அவள் நோட்டை மூடி நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு குழந்தையின் எடையைக்கூடத் தராசில் ஏற்றாமல் அவள் எழுதியதில்லை. அதற்காக மழையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைத் தூக்கி வந்ததெல்லாம் எனக்குத் தெரியும். அதைப் பிழைக்கத் தெரியாத குணம் என்று நான் கேலி செய்ததும் உண்டு.

"எட கொறஞ்ச பிள்ளைய நல்லாருக்குன்னு எழுதிட்டா, அதுக்கு மேக்கொண்டு சத்துமாவு யாரு குடுப்பா?" என்றாள். கோபமே இல்லாமல் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே மறுபடி சொன்னாள். "நானும் சேந்துதான் பொய் சொல்லியிருக்கேன். எட்டுன்னு சொன்னா ஒங்க மூஞ்சி செத்துப் போவுது. அதப் பாக்குததுக்கு வலியே தேவலன்னு இருந்துட்டேன்."

அறுபத்திரண்டு வயதில் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். அழட்டும் என்று அவளும் விட்டாள். கடைசியில், "புதன்கிழமை நீங்களேதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்று முடித்துவிட்டாள்.

அந்தப் புதன்கிழமையைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண், "எத்தனை வாரம் சார்?" என்று மட்டும் கேட்டார். ஆறு வாரம் என்றேன். எட்டு என்று எழுதும்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டார். அதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "அது அம்மாவோட வலி சார். உங்களுக்குப் போடுற மார்க் இல்ல."

பிறகு மரியாதையாக, "ஒரு அரை மணி நேரம் நீங்க வெளிய இருந்தா நல்லா இருக்கும்" என்றார். என் வீட்டிலிருந்து என்னையே வெளியேற்றுகிறார் என்று ஒரு கணம் சுருக்கென்றது. எழுந்து போனை அவளிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே பேச்சு கேட்டது, என்ன பேச்சு என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகியிருந்தது.

என்ன சிரிப்பு என்று பிறகு கேட்டேன். குற்றாலத்தைப் பற்றித்தானாம். கல்யாணமான புதிதில் அங்கே வழுக்கி விழுந்து, அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நான் அவளைத் திட்டியதிலிருந்து அவளுக்கு அந்த இடமே ஆகாதாம். ஆறு வாரமாகக் கண்ணை மூடினால் நான் திட்டுவதுதான் வந்து நின்றதாம். அவளுடைய நிம்மதியான இடம் அங்கன்வாடிதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் எல்லாம் பாயில் வரிசையாகத் தூங்கிப்போன பிறகு, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிற அந்த முக்கால் மணி நேரம். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்திருக்கிறேன், எனக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து நோட்டு அவள் கைக்குப் போனது. பென்சிலில் கோணல்மாணலாக அவளே எழுதினாள். முதல் வாரம் எட்டு, ஏழு, ஒன்பது, எட்டு. உட்காரும் நேரம் மறுபடி பதினைந்து நிமிடத்துக்கு இறங்கியது. டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். என்னுடைய எண்களைப் போல அவளுடையவை அழகாக இறங்கவில்லை. ஐந்துக்கு வரும், அடுத்த நாள் எட்டுக்கு ஏறும். ஆனாலும் புரட்டாசி முடிவதற்குள் நாலும் ஐந்தும் அடிக்கடி வர ஆரம்பித்தன, அவை நிஜமான நாலும் ஐந்தும்.

எனக்கும் ஆலோசகர் ஒரு பயிற்சி கொடுத்தார். அவள் எந்த எண்ணைச் சொன்னாலும் நான் "சரி" என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு, அந்த எண்ணுக்கு என்ன செய்வது என்று ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறோமோ அதைச் செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள். "காலையில நல்லாத்தான..." என்று நான் ஆரம்பிக்கும்போதே அவள் பென்சிலைத் தூக்கிக் காட்டுவாள். வாயை மூடிக்கொள்வேன்.

பால்காய்ப்பு நாள் எப்படி இருக்க வேண்டும் என்று அவளும் ஆலோசகரும் இரண்டு வாரம் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். குளியல் முந்தின நாளே. புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை. காரில் முன் சீட்டைச் சாய்த்து இரண்டு தலையணை. பாதி வழியில் நிழல் பார்த்து ஐந்து நிமிடம் நிறுத்தம். தங்கை வீட்டில் பின்னறையில் ஒரு கட்டில் தயாராக இருக்க வேண்டும். உட்காருவது கூடத்தில் இல்லை, அடுப்புக்குப் பக்கத்தில், அரை மணி நேரம் மட்டும். விருந்து கிடையாது. நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் இல்லாமல் பின்னால் உட்கார வேண்டும் என்பது உட்பட எல்லாம் அவள் எழுதி வைத்திருந்தாள்.

போனோம். சொந்தக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னிடம் கேட்டார், "இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி அவங்களுக்கு?" நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லி, நல்லா தேறிட்டா என்கிற பதில் என் நாக்கு நுனியிலேயே இருந்தது. விழுங்கிக்கொண்டு, "அவகிட்டயே கேளுங்க" என்றேன். அவர் கொஞ்சம் தடுமாறி அவளிடம் திரும்பினார். அவள், "இப்ப ஆறு இருக்கு. பால் பொங்குத வரைக்கும் தாங்கும்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது, அது போதும்.

பால் பொங்கி வழிந்தது. தங்கை முதல் டம்ளரைக் கொண்டுவந்து அக்காள் கையில் கொடுத்துவிட்டு, அவள் மடியில் தலையை வைத்து ஓவென்று அழுதாள். வலிக்குமே என்று பதறி நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். என் மனைவி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே இரண்டு வாய் பால் குடித்தாள். அப்புறம் அவளே, "போவோம்" என்றாள். முப்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது காரிலேயே தூங்கிவிட்டாள். அன்று சாயங்காலம் நோட்டில் ஏழு என்று எழுதி, பக்கத்தில் "போய்ட்டு வந்தேன்" என்று குறித்தாள்.

நோய் போய்விடவில்லை. போன மாத ஸ்கேனில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது என்றார்கள். புதன்கிழமை வீடியோ கால்கள் நிற்கவில்லை. இன்றும் புதன்கிழமைதான், அவள் உள்ளே பேசிக்கொண்டிருக்கிறாள், நான் வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் எட்டு என்று சொன்னால் அதை ஆறாக்கிவிட எனக்கு இப்போதும் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் அந்த எட்டை என்னிடம் சொல்ல அவள் பயப்படுவதில்லை, இந்த வயதில் அதைவிடப் பெரிதாக நான் எதையும் சம்பாதித்துவிடவில்லை.